நகராட்சி ஊழியர் மீது புகார் கொடுக்கிறீர்களா? மனு முடித்துவைக்கப்படும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் நகராட்சியின் வருவாய்ப் பிரிவு ஊழியர் ஒருவர் மீது நான் கொடுத்த புகாரை அவரே விசாரித்து, அவரே அறிக்கை எழுதி, தீர்வு காணப்பட்டதாக முடித்திருக்கிறார்கள். ஊர் பெயரையோ அவர் பெயரையோ குறிப்பிடப் போவதில்லை. நடந்த முறையைத் தெரிந்துகொண்டால் மற்றவர்கள் சுதாரித்துக்கொள்ளலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பா காலமான பிறகு, வீட்டின் சொத்து வரியை அம்மா பெயருக்கு மாற்றுவதற்காக இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், வரி கட்டிய ரசீது அனைத்தையும் இணைத்து, உரிய கட்டணத்தையும் செலுத்தி விண்ணப்பித்திருந்தோம். நாங்கள் போகும்போதெல்லாம் அந்த ஊழியர், அதாவது பில் கலெக்டர், புதிதாக ஒரு குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருநாள், பின்னால் பலர் நின்றுகொண்டிருக்கும்போதே, “பார்க்க வேண்டியவங்களைப் பார்க்காம சும்மா வந்து நின்னா எப்படிம்மா வேலை நடக்கும்?” என்று அம்மாவிடம் சத்தமாகக் கேட்டார்.

முதல்வரின் முகவரி இணையதளத்தில் மனுப் பதிந்தேன். பெயர் மாற்றம் தாமதமாவது, ஊழியர் பேசிய விதம் ஆகிய இரண்டையும் அதில் எழுதியிருந்தேன். மனு ஆணையர் அலுவலகத்திலிருந்து வருவாய் ஆய்வாளருக்கு இறங்கி, அவரிடமிருந்து, யார் மீது புகாரோ அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதைதான். அடுத்து அவரே தொலைபேசியில் அழைத்து, “வேலை முடிஞ்சிருச்சு சார், அம்மாவை மட்டும் அனுப்புங்க போதும்” என்றார். பெயர் மாற்ற ஆணையைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிய கையெழுத்துகளில் ஒன்று, “எனது குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லை” என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்த தாளில் விழுந்தது.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வேலை, நடத்தை இரண்டும் ஒரே மனுவில் இருந்தால் அதை வேலைக்கான கோரிக்கையாகவே வகைப்படுத்துகிறார்கள். வேலையை முடித்துக் கொடுத்தவுடன் நடத்தை பற்றிய புகாரும் சேர்ந்தே மூடப்படுகிறது. ஆகவே நடத்தை குறித்த மனுவைத் தனியாக எழுதி, தேதி, நேரம், பேசிய சொற்கள், உடன் இருந்தவர்கள் ஆகிய விவரங்களுடன், ஆணையருக்கும் நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் பட்டுவாடா சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். புகாருக்கு உள்ளானவரோ அவருக்குக் கீழ் உள்ளவரோ விசாரிக்கக் கூடாது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே கேளுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். “கையெழுத்து போட்டாத்தான் ஆர்டர்” என்றால் அதையும் எழுத்துமூலம் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மனு எப்படி முடிக்கப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்துத்தான் தெரிந்துகொண்டேன். கிடைத்த நகலில், “மனுதாரரின் தாயாரை நேரில் விசாரித்ததில், ஊழியர் கண்ணியமாகவே நடந்துகொண்டதாகத் தெரிவித்தார்” என்ற வரி பில் கலெக்டரின் கையெழுத்திலேயே இருந்தது. அடியில் ஆய்வாளரின் சுருக்கொப்பம். விண்ணப்பத்தில் ஊழியரின் பணிப்பதிவையோ அவருக்குக் கொடுத்த குறிப்பாணைகளையோ கேட்காதீர்கள். அவை தனிப்பட்ட தகவல் என்ற 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி மறுத்துவிடுவார்கள். உங்கள் மனு மீதான நடவடிக்கை அறிக்கையையும் கோப்புக் குறிப்புகளையும் மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

வெளிப்படையாகப் பணமே கேட்டால் இந்த வழியெல்லாம் வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் நேரில் செல்லுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் அளித்தால் மட்டுமே அதிலிருந்து தப்ப முடியும். முன்கூட்டியே தகவல் தந்து, அவர்கள் ரசாயனம் தடவித் தரும் நோட்டைக் கொடுப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அந்த அறிக்கையின் நகலை இணைத்து, பில் கலெக்டர் பொய்யாக எழுதியதையும் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஆய்வாளர் ஒப்பமிட்டதையும் தனித்தனிப் புகார்களாக மண்டல இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறேன். அவற்றில் பெயர் மாற்றத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.