ஜப்பானின் மடக்குக் கைபேசியும் இந்தியாவின் டார்ச் கைபேசியும்

2000-களின் தொடக்கத்தில், ஜப்பானியர் கைபேசியிடம் எதிர்பார்த்தது ஒன்று, இந்தியர் எதிர்பார்த்தது முற்றிலும் வேறொன்று. 1999-இல் என்டிடி டோகோமோ என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் கைபேசிக்கான ஐ-மோட் இணையச் சேவையைத் தொடங்கிய பிறகு, ஜப்பானில் கைபேசி பேசுவதற்கு மட்டுமன்றி, மின்னஞ்சல் படிக்கவும் எழுதவும் உரிய கருவியாயிற்று. ரயிலில் கைபேசியில் பேசுவதை அங்கே நாகரிகக் குறைவாகக் கருதுவதும் இதற்குத் துணை நின்றது. ஆகவே, விரித்தால் பெரிய திரையும் அகன்ற விசைகளும் தந்து, மடக்கினால் பைக்குள் அடங்கிவிடும் வடிவம் அங்கே நிலைபெற்றது. 2004-இல் கைபேசியைக் காட்டியே பணம் செலுத்தும் பணப்பை வசதியும், 2006-இல் தொலைக்காட்சியும் அதற்குள் வந்து சேர்ந்தன.

இந்தியச் சந்தையை மனத்தில் கொண்டு 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100-இல் கேமராவும் இல்லை, வண்ணத் திரையும் இல்லை. தூசி புகாதபடி ஒரே உறையாக அமைந்த விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள், உச்சியில் ஒரு டார்ச் விளக்கு ஆகியவையே அதன் சிறப்புகள். மின்வெட்டு வாடிக்கையான ஊர்களில் அந்த விளக்கின் அருமையைச் சொல்லவே வேண்டியதில்லை. நுட்பத்தில் ஜப்பானியக் கருவிதான் முந்தியது என்றாலும், பயனரின் அன்றாடத்தை அறிந்து செய்யப்பட்டது என்ற வகையில் 1100-ஐயே நான் உயர்வாக மதிப்பேன். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அக்கைபேசியின் நிறுவனமே ஜப்பானில் வேரூன்ற முடியாமல் 2008-இல் அங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஜப்பானிய மடக்குக் கைபேசிகளும் தங்கள் தீவுகளைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.