பழைய பிக்அப்புக்கு எந்த டயர்? பட்டனைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள்

பழைய பிக்அப்புக்கு டயர் எடுக்கப் போனால் கண் முதலில் போவது பட்டன் மேல்தான், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் மேல். ஆழமான பட்டன், தடித்த சைடுவால் (டயரின் பக்கச் சுவர்), மேலே வெள்ளை எழுத்து. ஆனால் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்வது சைடுவாலில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்கள்: தாங்கும் எடை, அதற்குத் தேவையான காற்று. இந்த இரண்டையும் சரியாகப் படித்துவிட்டால் கடையில் அடுக்கியிருப்பதில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

15 அங்குல ரிம் கொண்ட அரை டன் பிக்அப்பை (அமெரிக்க பிக்அப் வகுப்புகளில் லேசானது) எடுத்துக்கொள்வோம். பழைய வண்டிகளில் மிகப் பரவலான அளவு 235/75 ஆர் 15. இதே அளவு மூன்று வகையில் கிடைக்கும், மூன்றும் ஒன்றல்ல. எண்ணுக்கு முன்னால் 'பி' இருந்தால் கார் வகை. 'எல்டி' இருந்தால் சரக்கு வண்டி வகை. கார் வகையிலேயே 'எக்ஸ்எல்' என்று போட்டிருந்தால் கூடுதல் சுமைக்கு வலுப்படுத்தியது.

சாதாரண கார் வகையில் சுமை எண் 105. அதாவது 35 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயருக்கு 925 கிலோ. இது காருக்கான கணக்கு. அதே டயரை பிக்அப்பில் மாட்டினால் 1.10-ஆல் வகுக்க வேண்டும். சரக்கு வண்டி படும் பாடு வேறு என்பதால் அந்தக் கழிவு. மிஞ்சுவது சுமார் 840 கிலோ. எல்டி வகை, லோடு ரேஞ்ச் (டயரின் வலுவைக் காட்டும் எழுத்து) சி என்றால் சுமை எண் 104, அதாவது 900 கிலோ. இதற்கு வகுத்தல் கிடையாது. ஆனால் அந்த 900 கிலோவைத் தாங்க 50 பிஎஸ்ஐ காற்று வேண்டும்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. கார் டயரைக் கழற்றிவிட்டு 'பலமான டயர்' என்று எல்டி மாட்டுகிறார்கள். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய 35 பிஎஸ்ஐ-யையே அடிக்கிறார்கள். எல்டி 235/75 ஆர் 15-இல் 35 பிஎஸ்ஐ இருந்தால் தாங்குவது சுமார் 700 கிலோதான். பின் ஆக்சிலின் அனுமதி எடை 1,600 கிலோ என்று வையுங்கள். இரண்டு டயருக்கும் சேர்த்து 1,400 கிலோ. முழு லோடு ஏற்றினால் 200 கிலோ குறைகிறது. டயர் சூடாகும், சைடுவால் மடங்கி மடங்கி உள்ளே இருக்கும் நூல் அறும், நெடுஞ்சாலை வேகத்தில் பட்டன் பட்டை பிரியும். பலம் கூட்டப் போய்ப் பலம் குறைந்த கதை. எல்டி மாட்டினால் அந்த அளவுக்கான சுமை-காற்று அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டிக்கரின் காற்றளவு இதற்குச் செல்லாது.

இன்னொரு நம்பிக்கையையும் இதோடு தீர்த்துவிடலாம். லோடு ரேஞ்ச் 'இ', அதாவது 10 பிளை ரேட்டிங், எப்போதும் அதிகம் தாங்கும் என்பார்கள். ஒரே எல்டி அளவில், ஒரே காற்றில், சி-யும் இ-யும் ஒரே எடையைத்தான் தாங்கும். இ-யின் கூடுதல் திறன் வருவது 50-க்கு மேல் 80 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றும்போது. காலியாக ஓடும் அரை டன் வண்டியில் அதை மாட்டினால் பின்பக்கம் குதிக்கும், ஈரத்தில் வழுக்கும். கூர்மையான கல் நிறைந்த பாதை, அல்லது நாள்தோறும் டிரெய்லர் என்றால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

அந்த 80 பிஎஸ்ஐ-க்குப் பழைய ரிம் தயாரா என்றும் பார்க்க வேண்டும். கார்களில் வழக்கமாக வரும் டிஆர் 413 ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். அதற்கு மேல் உலோக வால்வோ உயர் அழுத்த வால்வோ வேண்டும். பழைய இரும்பு ரிம்கள் பலவற்றுக்கும் தனி அழுத்த வரம்பு உண்டு. அது தெரியாவிட்டால் சி-யோடு நிற்பது நல்லது.

இனி டயர்கள்.

நெடுஞ்சாலை வகையில் மிஷலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் எம்/எஸ், 235/75 ஆர் 15 அளவில் எக்ஸ்எல், சுமை எண் 109-ஆக வந்தது. 109 என்றால் 1,030 கிலோ, 1.10-ஆல் வகுத்தாலும் 936 கிலோ. அதாவது எல்டி சி-யை விட அதிகம், அதுவும் குறைந்த காற்றில். தார்ச் சாலை, மண் சாலை, வாரம் ஒருமுறை மூட்டை என்று ஓடும் பழைய பிக்அப்புக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. எடை குறைவு, ஸ்டியரிங் லேசு, ஈரச் சாலையில் பிரேக் நம்பிக்கையாகப் பிடிக்கும். குறை, சைடுவால் மெல்லியது. காட்டுப் பாதையில் கல் கீறினால் தாங்காது. சேற்றில் பள்ளம் நிரம்பி மொட்டை டயர் போல் ஆகிவிடும்.

ஆல் டெரெய்ன் வகையில் பிஎஃப் குட்ரிச் கேஓ2 பரவலாகத் தெரிந்த பெயர். 31 × 10.50 ஆர் 15 அளவில் (31 அங்குல உயரம், 10.50 அங்குல அகலம்) லோடு ரேஞ்ச் சி, சுமை எண் 109, புதிதில் பட்டன் ஆழம் சுமார் 12 மில்லிமீட்டர். மலை முகட்டுக்குள் பனிச்செதில் போட்ட குளிர்காலக் குறியும் உண்டு. எம்+எஸ் (சேறு, பனி) என்று மட்டும் போட்ட டயருக்கும் இதற்கும் பனியில் தெரியும் வித்தியாசம் உண்டு. சைடுவால் உண்மையிலேயே தடிமன், கல்லுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு டயர் 20 கிலோவுக்கு மேல். டிரம் பிரேக்கும் கைபலத்தில் திரும்பும் ஸ்டியரிங்கும் உள்ள வண்டி இந்தக் கனத்தை உடனே உணரும். ஓட்டத்தில் பாதிக்கு மேல் தார் அல்லாத பாதை என்றால் எடுங்கள். தோற்றத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

மட் டெரெய்ன் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. தினமும் சேற்றில் இறங்கும் வண்டிக்கு அது தேவை. மற்றவர்களுக்கு இரைச்சலும், சீக்கிரம் தேயும் பட்டனும், மழையில் நீளும் பிரேக் தூரமும்தான் மிஞ்சும்.

பழைய அளவை விட்டு 31-க்குத் தாவும் முன் கணக்குப் போடுங்கள். 235/75 ஆர் 15-இன் உயரம் 733 மில்லிமீட்டர். 31 அங்குலம் பெயரளவில் 787. ஏழு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் ஓடும். 3.73 ஆக்சில் விகிதம் (பின் ஆக்சிலின் கியர் விகிதம்) 3.48 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் லோடோடு கியர் இறக்க வேண்டி வரும், பிரேக்குக்கும் வேலை கூடும். ரிம் அகலம் 7 முதல் 9 அங்குலம் வேண்டும். பல பழைய பிக்அப்புகளில் இருப்பது 6 அங்குல ரிம். அதில் மாட்டினால் நடுப்பட்டன் புடைத்து நடுவே மட்டும் தேயும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ், மட்கார்டு, கண்ட்ரோல் ஆர்ம் மூன்றிலும் டயர் உரசவில்லை என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெறும் வண்டியில் உரசாதது லோடில் உரசும்.

முக்கால் டன், ஒரு டன் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 1970, 80-களின் அமெரிக்க பிக்அப்புகள் பலவற்றில் 16.5 அங்குல ரிம் இருக்கும். அதற்கு இன்று டயர் கிடைப்பது அரிது என்பதால், அரை அங்குலம்தானே என்று 16 அங்குல டயரை ஏற்ற முயல்வார்கள். உயிரைப் பறிக்கும் தவறு இது. 16.5 ரிமில் பீட் (ரிமைக் கவ்வும் டயரின் உள் விளிம்பு) உட்காரும் இடம் 15 டிகிரி சரிவு. 16-இல் 5 டிகிரி. பீட் சரியாக உட்காராது, காற்றை ஏற்ற ஏற்ற பீட் கம்பி அறுந்து டயர் வெடித்துப் பறக்கும். பக்கத்தில் நிற்பவர் தப்பமாட்டார். ரிமில் முத்திரை குத்திய எண்ணைத் துடைத்துப் படியுங்கள். 16.5 என்றால் ரிம்மையே 16 அங்குலத்துக்கு மாற்றிவிடுவதுதான் வழி. லாக் ரிங் வைத்த பல துண்டு ரிம் என்றால் இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கடையைத் தவிர வேறெங்கும் கழற்றக் கூடாது.

புதிய டயர் என்று கொடுப்பது உண்மையிலேயே புதியதா? சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்: 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முன் செய்தது, தொடவே வேண்டாம். பழைய பிக்அப் பெரும்பாலும் நின்றே கிடக்கும், பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் காய்ந்துபோகும். அதனால் பட்டன் ஆழத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் கழற்றிப் பாருங்கள். பத்து வருடம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். வண்டிக்கடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு.

பழைய டயரைக் கழற்றும்போது அதன் தேய்மானத்தைப் படியுங்கள். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் கேம்பரோ (வீலின் சாய்வு) டோ-வோ (வீல் பார்க்கும் திசை) தவறியிருக்கிறது. குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. ஃபோர்டு 1965-இல் கொண்டுவந்த ட்வின் ஐ-பீம் (ஒவ்வொரு முன் வீலுக்கும் தனி இரும்பு உத்தரம்) முன்பக்கத்தில் ஸ்பிரிங் தொய்ந்தால் உள் ஓரம் தேயும். ஸ்பிரிங்கைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் மட்டும் செய்தால் ஆறு மாதத்தில் புது டயரும் அப்படியே ஆகும். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஆட்டத்தை முதலில் தீர்த்துவிட்டுத்தான் புது டயர்.

நைலான் டயரையும் ரேடியலையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள். இரண்டு டயர் மட்டும் வாங்குவதானால் புதியது பின்னால் போகட்டும். லோடு இல்லாத பிக்அப்பின் பின்பக்கம்தான் மழையில் முதலில் விலகும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் நான்கும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

மாட்டும் நாளில் ரிமின் பீட் உட்காரும் விளிம்பையும், ஹப் முகத்தையும் கம்பி பிரஷால் துரு போகத் தேய்க்கச் சொல்லுங்கள். பழைய ரிமில் காற்று மெல்ல இறங்குவதற்குப் பாதிக் காரணம் அந்த விளிம்புத் துரு. ஹப்பில் துரு இருந்தால் வீல் தட்டையாக உட்காராது, இறுக்கிய நட்டும் தளரும். வால்வைப் புதிதாகப் போடுங்கள். நட்டை நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 80 முதல் 150 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.