குழந்தைகளின் அனிமேஷன் படம்: டிவிடி வாங்கலாமா, ஓடிடியே போதுமா?

பெரியவர்கள் பார்க்கிற படத்துக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. ஒரு தடவை பார்ப்போம், அதோடு சரி, ஓடிடி போதும். குழந்தைகள் அப்படிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு ஒரு படம் பிடித்துவிட்டால் வசனம் மொத்தமும் மனப்பாடம் ஆன பிறகும் பள்ளி விட்டு வந்ததும் அதையேதான் போடச் சொல்வாள். அவளுக்காகத்தான் டிவிடி பக்கம் போனேன், இன்றைக்கும் அதுதான் சரி என்பேன்.

படத் தெளிவில் ஓடிடிக்குத்தான் முதலிடம். நம் ஊர் டிவிடியில் ஒரு காட்சி 720க்கு 576 புள்ளிகள், முழு எச்டியில் 1920க்கு 1080, அதாவது ஐந்து மடங்கு. 55 இன்ச் டிவியில் அந்த மங்கல் கண்ணுக்குத் தெரியும், 32 இன்ச்சில் பெரிதாகத் தெரியாது. அதுவும் கணினியில் செய்த படங்கள் டிவிடியில் நன்றாகவே இருக்கும். பிக்சாரின் ‘எ பக்ஸ் லைஃப்’ 1999இல் டிவிடியாக வந்தபோதே பிலிமைத் தொடாமல் கணினிக் கோப்பிலிருந்து நேராகப் பதிந்தார்கள். டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே டிஸ்க்கை உறவினர் வீட்டில் பார்த்ததோடு சரி, படம் பளிச்சென்று இருந்தது, அதற்கு மேல் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம். படம் நம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான். உரிமம் முடிந்தால் ஓடிடியிலிருந்து படத்தை எடுத்துவிடுவார்கள், அது வேறு ஆப்பில் வந்தால் அதற்குத் தனிச் சந்தா, இதையெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது? யூடியூபில் வாடகைக்கு எடுத்தால் 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டால் பெரும்பாலும் 48 மணி நேரம்தான். டிஸ்க்குக்கு ஒரு தடவை காசு கொடுத்தால் முடிந்தது. அப்புறம், படம் முடிந்ததும் டிவிடி மெனுவில் போய் நின்றுவிடும், ஆப் மாதிரி அடுத்ததைத் தானாக ஓட்டி ரிமோட்டுக்கு ஒரு சண்டை கிளப்பாது. 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் கரண்ட் வந்தும் நெட் வரவில்லை, அப்போது பிள்ளைகளை உட்கார வைத்தது டிவிடிதான்.

புதுச்சேரியில் பழைய டிஸ்க் தேடுபவர்கள் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பார்வை பார்க்கலாம், கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். எடுத்ததும் அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சடித்தது, ஊதாச் சாயல் அடித்தால் யாரோ வீட்டில் காப்பி போட்டது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் கீறல் அவ்வளவு மோசமில்லை. வட்டத்தோடு சேர்ந்து வளைந்து போகும் கீறல்தான் படத்தைச் சிக்க வைக்கும். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் தொடவே வேண்டாம். துடைக்கும்போதும் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து வெளியே, சுற்றிச் சுற்றி அல்ல. கடல் காற்று அடிக்கிற ஊர், டிஸ்க்கைவிட பிளேயர்தான் முதலில் மக்கர் பண்ணும் என்பதால் அதை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

பிரான்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் டிஸ்க் கொண்டு வரும் வீடுகள் இங்கே நிறைய. டிஸ்க் உலகின் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று குறிக்கும் எண்தான் ரீஜன். அவர்களுடையது ரீஜன் 2, நம்முடையது 5. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இருந்தால் கவலையில்லை. லேப்டாப் டிரைவில் போட்டால் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

டிவிடி தோற்கிற இடம் மொழி. அட்டையின் பின்பக்கத்தில் ஒலி மொழிகளைப் போட்டிருப்பார்கள். நான் புரட்டிப் பார்த்தவற்றில் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழ் அபூர்வம். ஓடிடியில் பல படங்களுக்குத் தமிழ் டப்பிங் இருக்கிறது. பேத்தியோடு ஆயாவும் உட்கார்ந்து பார்க்கிற வீடு என்றால், தமிழ் இல்லாத டிஸ்க்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள், அந்தப் படத்துக்கு மட்டும் ஓடிடியே இருக்கட்டும்.