அரசு மருத்துவமனையில் தன்னார்வப் பணி: ராமநாதபுரம் கரையோரத்தில் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். ஆனால் ஊசி, கட்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று கற்பனை பண்ணிக்கொண்டு வரவேண்டாம். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, மருந்து கவுண்டர் என்று ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முக்கால்வாசி வேலை.

பலன் கண்ணுக்குத் தெரிவது காப்பீட்டுத் திட்ட கவுண்டரில்தான். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு, ஆதார், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். ஒன்றில் அந்தோணி, இன்னொன்றில் அந்தோணிராஜ் என்றிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். வரிசையில் நிற்கும்போதே தாளை வாங்கிப் பார்த்துச் சொல்லிவிட்டால், தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அரை நாள் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த உதவி இன்னும் பயன்படும். கடலுக்குப் போகிறவர்கள் குடலிறக்கம், கண்புரை என்று தள்ளிப்போட்டதையெல்லாம் பார்க்க அப்போதுதான் தோது.

சக்கர நாற்காலி தள்ளுவது சுலபம் என்று நினைப்பவர்கள்தான் ஆளைக் கீழே தள்ளுகிறார்கள். உட்கார வைக்குமுன் இரண்டு பிரேக்கும் போட வேண்டும், கால்மிதியை மடக்க வேண்டும். மிதிமேல் ஏறி நின்றால் வண்டி முன்பக்கம் கவிழும். சாய்தளத்தில் இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி, நாற்காலியைப் பின்பக்கமாகவே இறக்குங்கள். சிறுநீர்ப் பை மாட்டியிருந்தால் அதைத் தூக்கி நோயாளி மடியில் வைத்துவிடாதீர்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். மேலே போனால் சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் கிருமித்தொற்று வரும்.

நல்ல மனசும் இங்கே கெடுதல் செய்யும். பசிக்குதுப்பா என்று கேட்கிறவருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும். மயக்க மருந்து கொடுக்கையில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதால்தான் சாப்பாட்டுக்கு 6 மணி நேரம் தடை. எதைக் கொடுப்பதானாலும் சிஸ்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

குறை என்றால், பயிற்சி போதாததுதான். அடையாள அட்டையை மாட்டிவிட்டு அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. அதனால் நீங்களே கேட்டு வாங்குங்கள்: எந்த வார்டுக்குள் போகலாம், யாரிடம் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் என்று. ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று தவணை. தொடங்கிவிட்டு வருவது உத்தமம். கீழே கிடக்கும் ஊசியைக் கையால் எடுக்காதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். அது போக வேண்டியது வெள்ளை நிறத் துளைபடாத பெட்டிக்கு.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரக் கணக்கு உண்டு. இந்த நேரம் அதில் சேருமா என்று திட்ட அலுவலரிடம் முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் மட்டும்தான் குறி என்றால், இதைவிடச் சுலபமான வேலைகள் எத்தனையோ இருக்கின்றன.

திங்கட்கிழமை கூட்டம் நெரியும். முதல் நாளுக்குப் புதன், வியாழன் தோது.