சவர்த் தண்ணீரில் சவரம்

கல்லிடைக்குறிச்சியில் குடியிருந்தவரை ஷேவிங் சோப்பைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆற்றுத் தண்ணீரில் எதைக் குழைத்தாலும் நுரை பொங்கும். சென்ற ஆண்டு பாளையங்கோட்டைக்கு மாறி, வீட்டுக் குழாயில் போர் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகுதான், முகத்தில் பூசிய நுரை கன்னத்தின் மறுபக்கத்துக்குப் பிளேடு போய்ச் சேர்வதற்குள் காய்ந்து வெள்ளைப் பொருக்காக நிற்பதைப் பார்த்தேன். அதன் பிறகு எட்டு மாதங்களில் ஒரு கட்டி சோப்பு, ஒரு ஃபோம் குப்பி, ஒரு குழாய் க்ரீம், ஒரு பிரஷ் என்று வாங்கிப் பார்த்ததன் மதிப்பீடு இது.

முதலில் தண்ணீரைச் சொல்லிவிட வேண்டும். பரிசோதனைக்குக் கொடுத்ததில் எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 480 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஆகவே இது குடித்தால் தப்பில்லாத, ஆனால் சவரத்துக்கு உதவாத தண்ணீர். சுண்ணாம்புக்கல்லை நம்பித் தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலையே வந்த மாவட்டம் இது என்பதால், பாறைக்கிடையில் ஊறி வரும் தண்ணீரில் கால்சியம் இருப்பதில் வியப்பில்லை. நம் ஊரில் இதையெல்லாம் ஒரேயடியாகச் சவர்த் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம். நாக்கில் கரிக்கும் உப்பு வேறு, சோப்பைத் திரிக்கும் கால்சியமும் மெக்னீசியமும் வேறு. எங்கள் வீட்டுத் தண்ணீர் அவ்வளவாகக் கரிக்காது என்பதே என்னை முதலில் ஏமாற்றியது.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிக் கடையொன்றில் வாங்கிய கட்டி சோப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குற்றம் அதன் மீது இல்லை என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு நிமிடம் பிரஷைச் சுழற்றியும் கிண்ணத்தில் திரிந்த பால் போன்ற ஒன்றுதான் மிஞ்சியது. ஷேவிங் சோப்பு பெரும்பாலும் ஸ்டீயரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் பொட்டாஷோடும் காஸ்டிக் சோடாவோடும் சேர்த்துச் செய்யப்படுவது. அது கால்சியத்தைச் சந்தித்தவுடன் தண்ணீரில் கரையாத கால்சியம் ஸ்டீயரேட்டாக மாறிவிடுகிறது. பிரஷின் அடியில் சாம்பல் நிறத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்வதும், குளியலறை வாளியின் உட்பக்கத்தில் வளையமாகப் படிவதும் அதுதான்.

எவ்வளவு சோப்பு இப்படி வீணாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 480 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 3 கிராம் சோப்பை விழுங்கிய பிறகே நுரைக்கு இடம் கொடுக்கும். சவரத்துக்கு எடுப்பதோ ஒரு கிராம் க்ரீம்; அதிலுள்ள உண்மையான சோப்பு 0.4 கிராம் அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 30 மில்லி தண்ணீரில் குழைத்தால் அதில் 0.09 கிராம், அதாவது கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். 100 மில்லி தண்ணீரைச் சேர்த்தால் முக்கால்வாசி காலி. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் தண்ணீர் விட்டதுதான் நான் செய்த மடத்தனம்.

ஃபோம் குப்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேவையான தண்ணீர் ஏற்கெனவே உள்ளே கலந்திருப்பதால் நம் வீட்டுத் தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை. அழுத்தினால் நுரை வருகிறது. ஆனால் அந்த நுரையில் காற்றுதான் அதிகம், என் தாடியின் முரட்டு முடிக்கு வழுவழுப்புப் போதவில்லை. கழுவும்போது போர் தண்ணீர் பட்டதும் அதே பிசுபிசுப்பு முகத்தில் தங்குகிறது. விலையும் கட்டுப்படியாகாது.

வி-ஜான் குழாய் க்ரீமுக்கு நான் வந்தது தெருமுனை சலூன்காரரால். எங்கள் தெருவின் அதே போர் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் அவர் நாள் முழுதும் கெட்டியான நுரை எடுக்கிறார். காரணம் கேட்டபோது, "அண்ணாச்சி, நீங்க சோப்பத் தண்ணியில கலக்குறிய. தண்ணியச் சோப்புல கலந்து பாருங்க" என்றார். அவர் கையைக் கவனித்ததில் விஷயம் விளங்கியது. நாம் வீட்டில் வைப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு க்ரீமை நேரடியாகக் கன்னத்தில் வைத்து, உதறிய பிரஷால் ஒரு நிமிடம் பசையாகவே தேய்க்கிறார்; பிறகுதான் பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்க்கிறார். வீட்டில் அப்படியே செய்தபோது, இரண்டு முறை மழிக்கும் வரை ஈரம் விடாத நுரை கிடைத்தது. க்ரீம் மென்மையாக இருப்பதால் அளவைக் கூட்டுவது எளிது. கட்டி சோப்பில் அதே அளவைப் பிரஷில் ஏற்றப் பொறுமை வேண்டும். இரண்டு மடங்கு க்ரீம் செலவானாலும் ஃபோம் குப்பிக்கு ஆன செலவை இது எட்டவில்லை. போர் தண்ணீர் வீடுகளுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

பிரஷ் விஷயத்தில் என் கருத்து மாறிவிட்டது. பன்றி முடி பிரஷே சிறந்தது என்று அப்பா காலத்திலிருந்து நம்பியவன் நான். அந்த முடி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அது வரம், சவர்த் தண்ணீரில் அதுவே கேடு, ஏனென்றால் எவ்வளவு உதறினாலும் கணக்கில் வராத தண்ணீர் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். செயற்கை இழை பிரஷ் உறிஞ்சுவதில்லை, ஊறவைக்கவும் வேண்டாம், இரண்டு உதறலில் ஏறக்குறைய உலர்ந்துவிடுகிறது. நான் வாங்கிய பிரஷின் கைப்பிடி ஈரக் கையில் வழுக்குகிறது என்பதும், முதல் வாரத்தில் நான்கைந்து இழைகள் உதிர்ந்தன என்பதும் குறைகள். வேறு குறை காணவில்லை.

தண்ணீரையே மாற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: சவரத்துக்கு வேண்டியது ஒரு டம்ளர் தண்ணீர்தான் என்பதால், வீட்டுக்கே மென்னீர்க் கருவி பொருத்தச் சொல்லும் விற்பனையாளரிடம் இதற்காக மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்தால் எந்தச் சோப்பும் நுரைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து வைத்தால் அதுவும் இல்லாமல் கழியும். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேலாக இறுத்துக்கொண்டால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை போகும். சல்பேட்டும் குளோரைடும் போகாது. எங்கள் தண்ணீரில் இந்த வழியால் பாதிப் பலன்தான் கிடைத்தது. எலுமிச்சை பிழியச் சொன்ன நண்பரை நம்பி ஒரு நாள் கெட்டேன். புளிப்புக் கூடினால் சோப்பே உடைந்து மீண்டும் கொழுப்பு அமிலமாகத் திரிந்துவிடும். படிகாரம் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும், மழித்த பின் கீறலில் ரத்தத்தை நிறுத்தும். ஆனால் நுரைக்குப் போடுகிற தண்ணீரில் அது சேர்ந்தால் இருக்கிற நுரையும் அடங்கிவிடும்.

பிரஷில் ஏற்கெனவே படிந்த மெழுகுக்கு வினிகர் உதவுகிறது. ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுகிறேன். கடைசி அலசல் கேன் தண்ணீரில்.

அந்தக் கட்டி சோப்பை எறிந்துவிடவில்லை. மாதம் ஒருமுறை கல்லிடைக்குறிச்சிக்குப் போகும்போது பையில் எடுத்துச் செல்கிறேன். அங்கே ஆற்றுத் தண்ணீரில், பழைய பன்றி முடி பிரஷோடு, அரை நிமிடத்தில் கிண்ணம் வழிய நுரைக்கிறது.