உடைந்த துண்டுகளிடம் கேள்வி கேட்பது எப்படி: ஓசூரில் ஒரு ஹெலிகாப்டர் விபத்துப் புலனாய்வு வகுப்பு

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு சிறிய அரங்கில், இலகுரக ஹெலிகாப்டர் விபத்துகளின் காரணத்தைக் கண்டறிவது குறித்துச் சென்ற மாதம் சனி, ஞாயிறு இரு நாட்களும் நடந்த பயிற்சி வகுப்பில், 6,500 ரூபாய் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். நான் சிப்காட்டில் உதிரிபாகச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். உடைந்து திரும்பி வரும் ஷாஃப்டும் கியரும் ஏன் உடைந்தன என்று எழுதிக் கொடுப்பதே என் அன்றாடப் பணி. பேளகொண்டப்பள்ளி ஓடுதளம் அருகிலேயே இருப்பதால் வானில் செல்லும் இயந்திரங்களைப் பற்றிய ஆவலும் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதல் நாள் காலையில் பயிற்றுநர் விளக்கவுரை எதுவும் நிகழ்த்தாமல், உடைந்த உலோகத் துண்டுகளை மேசையில் பரப்பி, ஆளுக்கு இரண்டாகக் கையில் கொடுத்துவிட்டார். அலை பின்வாங்கிய மணலில் தெரியும் வரிகளைப் போன்ற கோடுகள் இருந்தால் அந்தப் பாகம் பல நாட்களாகச் சிறுகச் சிறுக விரிசல் கண்டிருக்கிறது. முகம் முழுவதும் ஒரே சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் ஒரே சுமையில் முறிந்திருக்கிறது. இது எனக்குப் பழகிய பாடம். ஆனால் தரையில் மோதிய ஒரு ஹெலிகாப்டரில் நூறு பாகங்கள் உடைந்திருக்கும்போது, மோதலுக்கு முன்பே உடைந்தது எது, மோதியதால் உடைந்தது எது என்று பிரிப்பதே உண்மையான வேலை என்பதை அவர் காட்டிய பொறுமை எனக்குப் புதியது.

இத்தகைய சிறு ஹெலிகாப்டர்கள் பெரும்பாலானவற்றில் கறுப்புப் பெட்டி கிடையாது. ஆகவே புலனாய்வாளர் சிறிய சான்றுகளையும் நாட வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை விளக்கு மோதலின்போது எரிந்துகொண்டிருந்தால், சூடான டங்ஸ்டன் இழை நீண்டு தளர்ந்திருக்கும். அணைந்திருந்தால் இழை நீளாமல் இருக்கும் அல்லது நொறுங்கியிருக்கும். சுழலி இறக்கைகளின் முன்விளிம்பில் ஆழமான வெட்டுக் காயங்களும் தரையில் நீண்ட கீறல்களும் இருந்தால் அவை வேகத்துடன் சுழன்றிருக்கின்றன. மேல்நோக்கி வளைந்து, சுழற்சியின் அடையாளமே இல்லாமல் கிடந்தால் சுழல்வேகம் முன்பே குறைந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பொருள் இருந்தது; சும்மா படம் காட்டிக் கடந்து செல்லவில்லை.

இந்த வகுப்பின் உயிர் சனிக்கிழமை மதியப் பகுதிதான். 1992 ஜூன் 29 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் அருகே, பயிற்சிப் பறப்பில் இருந்த ராபின்சன் ஆர் 22 எனும் சிறு ஹெலிகாப்டர் ஒன்று வானிலேயே சிதறி விழுந்தது. பாடத்தைப் பதிவு செய்வதற்காக உள்ளே வைத்திருந்த சிறு கேசட் கருவி அதில் கிடைத்தது. அந்த ஹெலிகாப்டரில் இருந்த பயிற்றுநர் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கையில் பேச்சு பாதியில் அறுபடுகிறது. ஏன் அறுபட்டது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதையும் இதுபோன்ற பிற விபத்துகளையும் சேர்த்து ஆராய்ந்து 1996இல் சிறப்பு அறிக்கை வெளியிட்டது. பல விபத்துகளில் விமானி திடீரெனக் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பெரிதாக அசைத்ததே காரணமாக இருக்கலாம் என்று கூறிய அதே அறிக்கை, மற்றக் காரணங்களை முற்றாக ஒதுக்கப் போதிய சான்று இல்லை என்றும் எழுதியிருக்கிறது.

ஆர் 22இல் உள்ளதுபோல் இரண்டே இறக்கைகள் சீசா பலகையாக ஏறி இறங்கும் அமைப்பில், விமானி கம்பியைச் சட்டென முன்னே தள்ளினால் சுழலியின் மேலுள்ள சுமை விலகிவிடும். அப்போது வால் சுழலியின் உந்துதலால் உடல் வலப்பக்கம் உருளும். இயல்பாகவே கை கம்பியை இடப்பக்கம் இழுக்கும். சுழலி மட்டும் சாயும், உடல் உடன் வராது. இறக்கையின் மையப்பகுதி மாஸ்ட் எனும் நடுத்தண்டில் மோதி அதை முறித்துவிடும். ஒரு பலகையும் ஆணியும் கொண்டு எங்கள் பயிற்றுநர் செய்து காட்டிய இந்த மாதிரிக்கே கட்டணத்தில் பாதி தகும். 1995இலேயே அமெரிக்காவில் ராபின்சன் ஆர் 22 ஓட்டுபவர்களுக்குத் தனிப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டதன் பொருத்தமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எஞ்சினுக்கு எரிபொருளையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில் பனி உறைதல் பற்றிய பகுதி, ஓசூர்க்காரன் என்ற முறையில் என்னை மிகவும் பாதித்தது. எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் வெகுவாகக் குறைவதால், வெளியே 20 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பனி படியலாம். நம் மார்கழிக் காலைகள் அப்படிப்பட்டவைதாம். எஞ்சினின் சக்தியைக் குறைத்த அந்தப் பனி, மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் உருகித் தண்ணீராகிவிடும். காரணம் தெரியாத விபத்துகளில் சில இவ்வாறு தடயமின்றிப் போகின்றன என்பதை எண்ணும்போது மனம் கனத்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நாள் அவசரம் அவசரமாக நகர்ந்தது. புலனாய்வின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, குற்றம் சுமத்துவதன்று என்று சொல்லும் பன்னாட்டு விதி, 30 நாட்களுக்குள் முதற்கட்ட அறிக்கை, இந்திய வானூர்தி விபத்துப் புலனாய்வுப் பிரிவின் பணி ஆகியவை அரைமணி நேரத்தில் முடிந்தன. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், தர்மபுரியிலிருந்து வந்திருந்த தொழிற்பயிற்சி மாணவர்கள் இடைவேளைகளில் என்னிடம் அர்த்தம் கேட்டபடி இருந்தனர். இதைவிட எனக்கு வருத்தம் தந்தது இறுதிப் பயிற்சி. எங்களுக்குத் தந்த சான்றுகளில் எஞ்சின் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. எரிபொருள் மாதிரி எடுத்ததாகவும் இல்லை. விடைத்தாளிலோ ‘விமானியின் தவறு’ என்று மட்டும் இருந்தது. "சார், இதை வைத்து இந்த முடிவுக்கு வர முடியாதே" என்றேன். அவர் சற்று யோசித்து, அடுத்த முறை திருத்துவதாக ஒப்புக்கொண்டார். முந்தைய நாள் முழுவதும் அவர் கற்பித்ததற்கு நேர் எதிரான அந்த விடைத்தாள், இறந்துபோன ஒருவரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளக்கூடிய ஒரு சொல்லை எளிதாக எழுதப் பழக்கிவிடும் என்பதே என் கவலை.

விமானப் பராமரிப்புப் படிப்பவர்களுக்கும், உடைவுச் சோதனை செய்பவர்களுக்கும் இந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பறப்பதை மட்டும் விரும்பி வருபவர்களுக்கு முதல் நாள் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அங்கே எங்கள் எல்லோருக்குமாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது.