ஆறு அங்குலமா, பத்து அங்குலமா: தமிழ் மின்னூல் படிப்பவருக்கு ஓர் ஒப்பீடு

மின்னூல் படிப்பதற்கென்று தனியாக ஒரு கருவி வாங்கலாம் என இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தபோது என் முன் நான்கு வழிகள் இருந்தன. கைப்பேசியே போதும் என்று இருந்துவிடலாம். அச்சுத்தாளைப் போலத் தோன்றும் இ-இங்க் திரை கொண்ட ஆறு அங்குலக் கிண்டிலோ கோபோவோ வாங்கலாம். அதே வகைத் திரையில் பத்து அங்குலக் கருவிக்குப் போகலாம். அல்லது வீட்டில் எல்லோருக்கும் பயன்படும் சாதாரண டேப்லெட் ஒன்றை வாங்கிவிடலாம். நான் வாங்கியது ஆறு அங்குலக் கிண்டில். மீண்டும் வாங்க நேர்ந்தாலும் அதே அளவையே தேர்வேன். ஆனால் அன்று அதை வாங்கியது விலை குறைவு என்பதற்காக. இன்று அதை விரும்புவதற்குக் காரணம் வேறு.

எல்லோரும் அறிந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இ-இங்க் திரை பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் கேட்பதால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்குகிறது. வெயிலில் கண் கூசாமல் படிக்க முடிகிறது. கைப்பேசியில் எழுத்து கூர்மையாகவே தெரிகிறது என்றாலும் இரண்டு பக்கம் படிப்பதற்குள் ஏதேனும் ஓர் அழைப்போ செய்தியோ வந்துவிடுகிறது. டேப்லெட் வண்ணப் படங்களுக்கு நல்லது. படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்குக் கனம்.

தேர்வை உண்மையில் முடிவு செய்வது நம்மிடம் இருக்கும் கோப்பின் உள்ளே எழுத்து இருக்கிறதா, எழுத்தின் படம் இருக்கிறதா என்பதே. வாங்கும் முன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னிடம் இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ் பிடிஎஃப் கோப்புகள் இருந்தன. கருவி வந்த முதல் நாளே அவற்றை ஏற்றித் திறந்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஆறு அங்குலத் திரை என்பது ஏறத்தாழ 91 மி.மீ. அகலமும் 122 மி.மீ. உயரமும் கொண்டது. 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 பக்கம் அதற்குள் அடங்க வேண்டுமானால் பாதிக்கும் கீழாகச் சுருங்க வேண்டும். புள்ளி என்பது அச்செழுத்தின் அளவைச் சொல்லும் அலகு; 12 புள்ளியில் அச்சிட்ட எழுத்து 5 புள்ளியாகிவிடும். மருந்துச் சீட்டின் அடியில் இருக்கும் எழுத்து கூட அதைவிடப் பெரிது. டெமி அளவு (ஏ4-ஐவிடச் சிறிய, நாவல்களுக்கு வழக்கமான அளவு) நாவல் ஒன்றை ஸ்கேன் செய்திருந்தால் ஓரங்களை வெட்டிவிட்டு 8 புள்ளி வரை கொண்டுவரலாம். கருவியைக் கிடையாகத் திருப்பிப் பிடித்தால் இன்னும் பெரிதாகும், ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மூன்று முறை தள்ள வேண்டியிருக்கும். நாற்பது பக்கத்துக்கு மேல் அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. பத்து அங்குலத் திரையிலோ டெமி பக்கம் ஏறக்குறைய அச்சிட்ட அளவிலேயே வந்து நிற்கிறது. ஸ்கேன் கோப்புகளைப் பொறுத்தவரை இதற்குமேல் வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் இபப் கோப்பு என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. இபப் என்பது வலைப்பக்கங்களைப் போலவே எழுதப்பட்ட சில கோப்புகளை ஒன்றாகச் சுருட்டிய ஜிப் பொட்டலம்தான்; பெயரின் இறுதியை மாற்றித் திறந்தால் உள்ளே ஒவ்வோர் இயலும் தனித்தனியாக இருப்பதைக் காணலாம். அதில் 'பக்கம்' என்று எதுவும் நிலையாக இல்லாததால் எழுத்தைப் பெரிதாக்கியதும் வரிகள் தாமே மடங்கிக்கொள்கின்றன, ஆறு அங்குலம் அதற்குப் போதும். ஸ்கேன் செய்த நூல் ஐம்பது எம்.பி. பிடிக்கும் இடத்தில் இது பெரும்பாலும் ஒரு எம்.பி.க்குள் முடிந்துவிடுகிறது, தேடவும் முடிகிறது. தமிழுக்கே உரிய ஒரு சிறு குறையும் உண்டு. 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' போன்ற நீளச் சொற்கள் சிறு திரையில் வரியை நிரப்ப முடியாமல் கீழே இறங்கிவிடுவதால், இருபுறமும் சமன் செய்த வரிகளில் பெரிய இடைவெளிகள் விழுகின்றன. இடப்பக்கச் சீராக மட்டும் மாற்றிவைத்தால் கண்ணுக்கு உறுத்துவதில்லை.

எழுத்துள்ள பிடிஎஃப் என்றால் இபப்பாக மாற்றிவிடலாமே என்று நானும் நினைத்தேன். காலிபர் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்து தரும் என்பது உண்மைதான். ஆனால் ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் பக்கம் அமைத்த தமிழ் நூல்களின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. மாற்றிய கோப்பில் வேடம் கலைந்து பொருளற்ற எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். அதைக் குறியாக்க மாற்றியில், அதாவது பழைய எழுத்துரு எழுத்துகளை ஒருங்குறியாக்கும் கருவியில், இட்டு மீட்க வேண்டும். ஸ்கேன் கோப்பை எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் ஓசிஆர் மென்பொருள்) கொண்டு எழுத்தாக்குவது அதைவிடக் கடினம். பழைய அச்சில் துணைக்காலையும் ரகரத்தையும் அது குழப்பிக்கொள்கிறது. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வடிவ லை, ணை போன்றவற்றில் தடுமாறுகிறது. மெய்ப்புப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கே அந்த வேலை.

ஆகவே கருவியை வாங்குமுன் உங்கள் நூல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை ஒருங்குறி எழுத்தாகவே தருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஒரே நூலை இபப், மொபி (பழைய கிண்டில் வடிவம்), ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்களில் வைத்திருக்கிறது. ஆறு அங்குலத்துக்கென்று தனியாகப் பிடிஎஃப் தேவைப்பட்டதே, கொம்பும் துணைக்காலும் இடம் மாறாமல் தமிழைக் காட்டப் பழைய கருவிகள் பட்ட பாட்டை நினைவூட்டுகிறது. ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பெரும்பாலும் ஸ்கேன் பிடிஎஃப்தான். நான் படிப்பவற்றில் முக்கால்வாசி எழுத்தாகவே கிடைக்கும் வகை என்பதால் ஆறு அங்குலம் எனக்குப் பொருந்திவிட்டது.

கிண்டிலா கோபோவா என்பதில் என் அனுபவம் ஒருபக்கமானது. கோபோவை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு வாரம் படித்ததோடு சரி. அது இபப் கோப்பைக் கம்பி வழியாக ஏற்றியதும் நேரடியாகத் திறக்கிறது. தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்து, கோரீடர் என்ற கட்டற்ற மென்பொருளையும் நிறுவிய பின் எழுத்துகள் பிழையின்றி வந்தன. கிண்டில் நேரடியாக இபப்பைத் திறக்காது. 2022 முதல் அமேசானின் அனுப்பும் சேவை இபப்பை ஏற்று, தன் வடிவத்துக்கு மாற்றிக் கருவிக்கு அனுப்புகிறது. இல்லையேல் காலிபரில் கிண்டிலின் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி ஏற்றலாம். தமிழ் நூல்களை விலைக்கு வாங்குவதற்குக் கிண்டில் கடையே எனக்கு வசதியாக இருந்ததால் அந்தப் பக்கம் சாய்ந்தேன். ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று எடுத்துவிட்டது. அதன்பின் கடையில் வாங்குவதைக் குறைத்துக்கொண்டேன். இலவசமாகவோ பதிப்பகத்திடமிருந்து நேரடியாகவோ கிடைக்கும் நூல்களின் மூலப் பிரதியை இபப்பாகவே கணினியில் வைத்திருக்கிறேன். கருவியில் இருப்பது அதன் நகல் மட்டும்.

ஆய்வு மாணவராகவோ பழைய இதழ்த் தொகுப்புகளைப் புரட்டுபவராகவோ இருந்தால் நான் சொன்னதை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்: பத்து அங்குலமே உங்களுக்கு. செலவு தடையானால் இ-இங்க் வேண்டாம், சாதாரண டேப்லெட்டே அந்த வேலையைச் செய்துவிடும். என்னிடம் மிஞ்சியிருக்கும் ஐம்பது அறுபது ஸ்கேன் கோப்புகளை நானும் வீட்டிலிருக்கும் பழைய டேப்லெட்டில்தான் படித்துவருகிறேன்.